கோட்டைக்கு முதல் வடிகான்

கோட்டைக்குள் இருந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், திராய்மடுவுக்குப் போனதிலிருந்து மட்டக்களப்பில் நாலு பேர் கூடினால் கோட்டைக் கதைதான். மியூசியம் ஆக்கலாம், ஹோட்டல் ஆக்கலாம், ஒலி ஒளிக் காட்சி போடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. படித்தவர் யாராவது இருந்தால் பில்பாவோவையும் இழுத்துவிடுவார். இரும்பும் கப்பல் கட்டும் தொழிலும் படுத்துப்போன அந்த ஸ்பானிய நகரத்தில் 1997இல் பிராங்க் கேரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள், ஊரே எழும்பிவிட்டது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம்.

சரி. ஆனால் அந்தக் கதையைப் பாதியிலிருந்துதான் சொல்கிறோம். அங்கே நெர்வியோன் ஆறு ஒரு காலத்தில் வெறும் சாக்கடை. தொழிற்சாலைக் கழிவும் வீட்டுக் கழிவும் நேரே அதற்குள்தான் விழுந்தன. ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. அதற்குப் போன பணம் அருங்காட்சியகத்துக்குப் போனதைவிடப் பல மடங்கு. 1995இல் மெட்ரோ வந்தது. துறைமுகத்தைக் கடல் பக்கம் கொண்டுபோய், ஆற்றங்கரையைச் சனங்கள் நடக்க விட்டார்கள். பார்க்கப் போனவர்கள் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், கழிவுநீர்க் குழாயை எடுக்கவில்லை.

இனி நம் வாவிக்கரைக்கு வாருங்கள். பின்னேரம் நாலு மணிக்கு வெயிலில் கிடக்கும் வாங்குகளில் ஒரு குருவியும் இராது. ஒற்றை வேம்பின் நிழலில் மட்டும் இடம் பிடிக்கப் போட்டி. கரையோரக் கட்டின்மேல் குந்தினால் கீழே யோகட் கோப்பையும் பொலித்தீன் பையும் மிதக்கின்றன, வடிகான் வந்து விழும் இடத்தில் மூக்கைப் பொத்த வேண்டும். பிள்ளைகளோடு வந்த தாய் மலசலகூடம் தேடி பஸ் நிலையம் வரை நடக்கிறாள். இன்டர்லொக் கல்லுக்கு மட்டும் நம்மிடம் ஒருநாளும் பஞ்சமில்லை!

கல்லடிப் பழைய பாலத்தைப் பாருங்கள். 1924இல் கட்டியது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. தூண்டில் போடுகிறவர்கள், காற்று வாங்குகிறவர்கள், பௌர்ணமி இரவில் மீன் பாடுமா என்று காது கொடுக்கிறவர்கள் என்று எந்நேரமும் ஆள் இருக்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. நடக்க இடமும் காற்றும் இருந்தன, சனம் வந்தது.

கோட்டைக்கும் அதுதான் வேண்டும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த இடம். இரண்டு பக்கம் வாவி. காலையிலிருந்து இரவு வரை வாசலைத் திறந்து விடுங்கள், ஊர்ச்சனத்துக்கு டிக்கெட் வேண்டாம். மதிலுக்கு மேலே நடக்கட்டும். முற்றத்தில் கூத்துக்கு ஒரு வட்டக்களரி போட்டால் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் விடிய விடிய ஆடலாம். ஹோட்டலுக்குக் கொடுப்பதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. தெற்கே காலி நகரத்துக் கோட்டைக்குள் எத்தனை வீடுகள் வெள்ளைக்காரருக்கான விடுதியாகிவிட்டன என்று அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். அழகுதான், ஆனால் அங்கே குடியிருந்த சனம் எங்கே?

இனித் திட்டத்தோடு வருகிறவரிடம் நான் கம்ப்யூட்டரில் கீறிய கலர்ப் படம் கேட்கமாட்டேன். மூன்றாம் வருடம் பல்ப் எரிந்துபோனால் யார் மாற்றுவது, மலசலகூடம் கழுவுகிறவருக்கு எந்தக் கணக்கிலிருந்து சம்பளம், நகரத்து வடிகான் தண்ணீர் வாவிக்குப் போகாமல் எங்கே போகும், இந்த மூன்றையும் முதலில் எழுதித் தரட்டும். அப்புறம் பெயிண்ட் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.