இல்லாத பில்லை எழுதித் தரக் கேட்காதீர்கள்

கணக்காய்வுக்கு வரப்போகிறார்கள் என்று கடிதம் கிடைத்ததும் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துச் சங்கங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஒரு வேலை தொடங்கும். பைல்களை இறக்கி வைத்து, எந்தக் கொடுப்பனவுக்கு பில் இல்லை, எந்தக் கூட்டத்துக்கு அறிக்கை இல்லை, எந்தப் பயிற்சிக்கு வரவுப் பதிவு இல்லை என்று பார்ப்பார்கள். அதுவரை சரி. அதற்குப் பிறகு நடப்பதுதான் பல வருடங்களாக என்னை உறுத்துகிறது. வெறும் பில் புத்தகம் ஒன்று எங்கிருந்தோ வரும். மூன்று கடைகள் தனித்தனியாக விலை எழுதித் தர வேண்டிய கூறுவிலைகளும் ஒரே மேசையில் எழுதப்படும். எப்போதோ நடந்த கூட்டத்துக்கு இன்றைக்கு அறிக்கை எழுதி, அன்று வராதவர்களிடமும் ஒப்பம் வாங்குவார்கள். இதைச் செய்கிறவர்களில் நான் கண்ட பெரும்பாலானவர்கள் ஒரு சதம்கூட எடுக்காதவர்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

வாழைச்சேனை தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை சிறிய நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பில் இல்லாமல் போவது ஒரு குறை. அதைக் கணக்காய்வாளரிடம் சொல்லலாம், விளக்கலாம், அடுத்த மாதம் திருத்தலாம். இல்லாத பில்லை எழுதுவது பொய்ச் சான்று. அதைச் செய்துவிட்டால், நேர்மையாகச் செலவழித்தவரையும் திருடியவரையும் பிரித்துக் காட்ட ஒரு வழியும் இருக்காது. இரண்டு பேருடைய பைலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சிறுவர் இல்லங்களை எடுத்துக்கொள்ளுங்கள். போரும் சுனாமியும் எங்களுக்கு விட்டுச் சென்ற பொறுப்புகளில் அதுவும் ஒன்று. பதிவு செய்த இல்லங்களுக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து உதவித்தொகை கொடுக்கிறது. அது மக்களின் வரிப்பணம், கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் இல்லத்துக்கு மீன் எங்கிருந்து வருகிறது? விடியப்புறம் வாவிக்கரையில் தோணி ஒதுங்கும்போது ஓராவோ திரளியோ வாங்கினால் மலிவு, பிள்ளைகளுக்கும் நல்ல மீன். அங்கே யார் பில் போட்டு விற்கிறார்கள்? கீரைக்காரிக்கும் விறகு கொண்டுவருகிறவருக்கும் பில் புத்தகம் எங்கே இருக்கிறது?

ஒரு இல்லத்தில் நடந்தது இது. பெயர் வேண்டாம். மேற்பார்வையாளரான அக்கா ஒவ்வொரு நாளும் தோணிக்காரரிடம் மீன் வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பைலில் இருந்ததெல்லாம் நகரத்து மீன் கடை ஒன்றின் பில்கள். வந்த கணக்காய்வாளர் இளம் வயதுக்காரர், கவனமானவர். பில் இலக்கங்களை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதினார். மாதக்கணக்கான பில்கள் 41, 42, 43 என்று இடைவெளியே இல்லாமல் ஓடின. அந்தக் கடை அத்தனை மாதமும் வேறு ஒருவருக்கும் மீன் விற்கவில்லை என்றால்தான் அப்படி வரும். கையெழுத்தும் ஒன்று, பேனையும் ஒன்று. அறிக்கையில் ‘நம்பகத்தன்மையற்ற உறுதிச்சீட்டுகள்’, அதாவது நம்ப முடியாத பில்கள், என்று எழுதப்பட்டது. முழுத் தொகையும் கேள்விக்குள்ளானது. அந்த அக்கா அழுதுகொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “பில்லு இல்லாட்டிக் காசு தரமாட்டம் எண்டு அவங்கதானே சொன்ன. மறுகா நான் என்ன செய்யிற தங்கச்சி?”

அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத வழி ஒன்று இருந்தது. பில் தர முடியாதவரிடம் வாங்கும்போது இல்லமே ஒரு கொடுப்பனவுச் சிட்டை எழுதலாம். விற்றவரின் பெயர், ஊர், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, அவருடைய ஒப்பம் அல்லது பெருவிரல் அடையாளம், வாங்கியவரின் ஒப்பம், பக்கத்தில் நின்ற இன்னொருவரின் ஒப்பம். அதோடு சமையலறையில் ஒரு உணவுப் பதிவேடு: இன்றைக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சமைத்தோம். இப்படித்தான் வாங்கப் போகிறோம் என்று நிருவாக சபையில் தீர்மானம் எடுத்து, திணைக்களத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். இவ்வளவும் இருந்தால் பிள்ளைகள் மீனைச் சாப்பிட்டார்களா இல்லையா என்று எந்தக் கணக்காய்வாளரும் நியாயமாக முடிவு செய்யலாம். இதைவிடப் பலமான சான்றை நகரத்து பில் ஒருபோதும் தராது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேறு ஒரு நிறுவனத்தின் பைல்கள் அப்படி ஒரு சுத்தம். கூறுவிலை மூன்று, ஒப்பீட்டுத் தாள், கொள்வனவுக் கட்டளை, பொருள் பெற்ற சீட்டு, பயனாளியின் ஒப்பம், போட்டோ எல்லாம் ஒழுங்கு. குறை என்று எழுத ஒரு வரிகூட இல்லை. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் கிராமத்துக்குப் போனபோதுதான் சில வீடுகளில் மலசலகூடம் அத்திவாரத்தோடு நிற்பது தெரிந்தது. தாளை மட்டும் பார்த்தால் அந்த நிறுவனம் நல்லது, மீன் வாங்கிய அக்கா கெட்டவர். இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. நீங்களும் ஏற்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எல்லாக் கணக்காய்வுக் குறைகளையும் நான் மன்னிக்கச் சொல்லவில்லை. தலைவர் தூரத்தில் இருக்கிறார் என்று காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே ஒப்பம் வைத்துவிட்டுப் போவது ஆபத்தான வேலை, அதை எங்கே கண்டாலும் கடுமையாக எழுத வேண்டும். ஒரே ஆள் வாங்கி, அவரே பதிந்து, அவரே காசு கொடுப்பதும் அப்படித்தான். வங்கிக் கூற்றோடு காசேட்டை மாதாமாதம் ஒப்பிடாமல் விடுவதற்கும் நியாயம் கிடையாது. அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

இனி அரசோடு ஒப்பந்தம் எழுதி ஊர் வீதி, மதகு வேலைகளைச் செய்கிற கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு வருகிறேன். அங்கே பிரச்சினை சங்கத்தில் தொடங்குவதில்லை, நாட்காட்டியில் தொடங்குகிறது.

அரசின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அன்றைக்குள் செலவாகாத ஒதுக்கீடு அந்த வருடத்தோடு காலாவதி. வரவுசெலவுத் திட்டம் நிறைவேறி, அமைச்சிலிருந்து சுற்றறிக்கை வந்து, மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று இறங்கி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட்டு, சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது பல இடங்களில் புரட்டாதி, ஐப்பசி ஆகிவிடும். மட்டக்களப்பில் ஐப்பசி பிறந்தால் என்ன நடக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடத்து மழையில் பெரும்பங்கு அதிலிருந்து தை வரைக்கும் கொட்டும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துக்குள் போய், சனம் தோணியில் போய்வரும். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து வயல் வீதிகளில் உழவு இயந்திரமே புதையும். மண் ஏற்றிய டிப்பர் அந்த வழியால் எப்படிப் போகும்? ஆனால் அந்த மாரிக்குள்தான் கொங்கிரீட் வீதியும் மதகும் 31 ஆம் திகதிக்கு முன் முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முடியாது. எல்லோருக்கும் தெரியும் முடியாது என்று. அதனால் முடிந்தது என்று தாளில் எழுதுகிறார்கள். வேலை முடிவுச் சான்றிதழில் டிசம்பர்த் திகதி இருக்கும், வேலை மாசியிலோ பங்குனியிலோ நடக்கும். சங்கம் உண்மையாகவே வீதியைப் போட்டுக் கொடுத்திருக்கும், சனமும் அதில் நடக்கும். காலம் போன பிறகு தேசிய கணக்காய்வு அலுவலகத்திலிருந்து ஐயவினா, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், வரும்: வேலை முடியுமுன் எப்படிக் கொடுப்பனவு செய்தீர்கள்? கேள்வி முதலில் போவது பணம் கொடுத்த அலுவலகத்துக்கு. அங்கிருந்து அது கடிதமாக இறங்கி, கூலி வேலைக்குப் போகிற ஒரு பொருளாளரின் வீட்டுக்கு வந்து நிற்கும். பதில் எழுத வேண்டியவர் அவர். சான்றிதழில் திகதியை எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார்.

2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான உத்தியோகத்தரிடமே அறவிட வழி செய்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் கீழ்மட்டத்தில் அதன் விளைவு என்னவென்றால், உத்தியோகத்தர்கள் தங்களைக் காப்பாற்றும் தாள்களைத்தான் சங்கங்களிடம் கேட்கிறார்கள். “எப்படியாவது ஒரு பில்லை வையுங்கோ” என்ற வசனம் எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் வாயால் வந்திருக்கும்! அந்த வசனத்தைச் சொல்கிற ஒவ்வொரு உத்தியோகத்தரும் எதிரே இருக்கிற அப்பாவி மனிதரை ஒரு குற்றத்துக்குத் தூண்டுகிறார். மழையால் வேலை நின்றது என்று பிரதேச செயலகம் எழுத்தில் பதிந்து, மிச்சத்தை அடுத்த வருடம் கொடுக்க வேண்டிய பொறுப்பாகக் காட்டுவதுதான் நேர்வழி. அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அதைவிட முக்கியமாக, கிழக்குக்கான ஒதுக்கீடுகள் சித்திரை, வைகாசியில் கையில் கிடைக்க வேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எந்த வீதி யாருக்கு என்று சண்டை பிடிப்பதை விட்டு இதைக் கேட்கலாம்.

2022 இல் நடந்ததையும் மறக்க முடியாது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பழைய மதிப்பீட்டுக்குள் வேலையை முடிக்கச் சொன்னார்கள், சில சங்கங்கள் அளவைக் குறைத்து முடித்தன. மதிப்பீட்டைத் திருத்தி ஒரு கடிதம் வாங்கியிருந்தால் அது நியாயமான முடிவு. கடிதம் இல்லாததால் அது ‘குறைவேலை’ என்று பதிவானது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பகுதியில் பைலைக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கணக்காளர்களாக இருந்ததில்லை. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் சில காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவு, மேற்பார்வை பற்றிய 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1998 இல் வந்த திருத்தம், மோசடி நடந்ததாகக் கண்டால் நிறுவனத்தின் நிருவாகத்தையே இடைக்காலச் சபை ஒன்றிடம் ஒப்படைக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. யார் யார் கூட்டத்துக்கு வந்தார்கள், அவர்களின் தொலைபேசி இலக்கம் என்ன என்று சிவில் உடையில் வந்து கேட்டவர்களை இங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். இந்த அனுபவம் உள்ளவர்களிடம் போய் ‘கணக்காய்வு உங்கள் நன்மைக்கு’ என்றால் உடனே நம்பிவிடுவார்களா? பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தில் எழுதும் பொய்த் தாள், நாளைக்கு எங்களைக் குற்றவாளி ஆக்க நினைப்பவர்களுக்கு நாங்களே கையில் கொடுக்கிற ஆயுதம். உண்மையான பைலில் ஓட்டை இருந்தாலும் அதோடு எங்கேயும் போய் நிற்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒன்று. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் நிருவாக மொழி தமிழ். அப்படியிருக்க, தனியார் கணக்காய்வு நிறுவனங்கள் கண்ட குறைகளை எழுதித் தரும் முகாமைத்துவக் கடிதம் அநேகமாக ஆங்கிலத்தில் வருகிறது, சில சுற்றறிக்கைகள் சிங்களத்தில் மட்டும். வாகரையில் ஒரு மாதர் சங்கத்தின் பொருளாளர் தன்மேல் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்பதையே யாரிடமாவது கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. நிதி கொடுப்பவர்கள் ஒரு கணக்கு உதவியாளருக்கான சம்பளத்தைத் திட்டச் செலவில் சேர்க்கவும் விடுவதில்லை. சம்பளமில்லாத ஒருவரிடம் வங்கி முகாமையாளர் தரத்தில் கணக்குக் கேட்பது அநியாயம்.

சரி, மக்கள் பக்கத்தில் என்ன செய்யலாம்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அநேகமானவர்கள் பிரதேச செயலகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகள், சர்வதேச அமைப்புகளிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. உங்கள் கிராமத்தின் பெயரில் வந்த பணத்துக்கான கணக்கை நீங்கள் எழுத்தில் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் நான் விரும்புவது, கேட்கும் முன்பே சொல்லிவிடும் சங்கங்களை. கணக்காய்வு அறிக்கை இப்போது தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் இரகசியமாக இருக்கிறது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பூட்டி வைக்கிறார்கள். பிறகு ஏதோ ஒரு பகுதி கசிந்து, தேர்தல் காலத்தில் ஒருவர் மேல் ஒருவர் சேறு அடிக்க உதவுகிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அந்தக் குறைகளை வரிக்கு வரி வாசியுங்கள். இந்தச் செலவுக்கு பில் இல்லை, இந்தக் காரணத்தால் இல்லை, இந்தப் பொருள் இதோ இருக்கிறது என்று சொல்லுங்கள். வீதியை நடந்து பார்த்த சனம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மலசலகூடம் கட்டப்படாத வீட்டுக்காரரும் அங்கேதான் இருப்பார். அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாதவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடும் சங்கங்கள், கணக்கறிக்கைக்கு அடுத்ததாகக் கணக்காய்வுக் குறைகளை வாசிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், தமிழில் எழுதித் தருகிறேன். பில் தர முடியாத சிறு வியாபாரிகளுக்கான கொடுப்பனவுச் சிட்டையின் மாதிரி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், காசு ஒன்றும் வேண்டாம்.