முடுக்கம் வண்டியிலா, ஸ்டாப்வாட்ச்சிலா?

பாதையில் சம தூரத்தில் குறிகள் போட்டு, வண்டி ஒவ்வொரு குறியையும் தாண்டும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சை அழுத்திக் குறித்து, அதிலிருந்து முடுக்கத்தை, அதாவது வேகம் மாறும் வீதத்தைக் கணக்கிடுகிறோம். சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு இப்படிக் கணக்கிட்ட முடுக்கம் பூஜ்யமாக வராவிட்டால், வண்டி உண்மையில் வேகம் மாறித்தான் ஓடியது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி முடிவு கட்ட முடியாது. நேரம் குறித்ததில் ஒரே ஒரு பிசகு இருந்தாலும் இல்லாத முடுக்கம் கணக்கில் முளைத்துவிடும்.

நீங்களே எக்செலில் போட்டுப் பாருங்கள். 1 மீட்டருக்கு ஒரு குறி, வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். நேரங்கள் 0, 2, 4, 6, 8 விநாடி. இதில் 4-ஐ மட்டும் 4.1 என்று மாற்றுங்கள். வேகங்கள் 0.5, 0.476, 0.526, 0.5 என்று வரும். தாமதம் ஒன்றுதான், ஆனால் அதற்கு முந்தைய நேர இடைவெளி நீள்கிறது, அடுத்தது சுருங்குகிறது. இடைவெளிகளின் நடுப்புள்ளிகளை வைத்து முடுக்கம் கண்டால் சுமார் −0.012, +0.025, −0.013. இப்படிக் கூட்டல், கழித்தல் அடையாளம் மாறி மாறி வந்தால் முதலில் நேரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உண்மையான சீரான முடுக்கம் ஒரே அடையாளத்தில் நிற்கும்.

குறிகளை நெருக்கி வைத்தால் துல்லியம் கூடும் என்பதும் இங்கே எடுபடாது. இடைவெளியைப் பாதியாக்கினால் அதே 0.1 விநாடிப் பிசகு முடுக்கத்தில் ஏறக்குறைய 4 மடங்காகத் தெரியும். அப்புறம், எல்லாக் குறியிலும் ஒரே அளவு தாமதமாக அழுத்தினால் வேகம் கொஞ்சமும் மாறாது. கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும்.

சந்தேகம் தீரவில்லையா? அதே ஓட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். முடுக்கம் வண்டியுடையது என்றால் அதே இடத்தில் திரும்ப வரும்.