பொலிஸார் போன பிறகு வீட்டைக் கழுவுவது யார்?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் பெறாமகனுக்குப் புதிய யோசனை ஒன்று வந்திருக்கிறது. கொலை நடந்த வீடுகள், ஆள் தனியாக இறந்து கிடந்த அறைகள் போன்றவற்றைச் சுத்தம் செய்யும் தொழிலைக் கற்று, அதைக் கொழும்பிலேயே தொடங்கலாமா என்று கேட்டான். "யோசித்துப் பார்க்கலாம்" என்று சொன்னதற்கு அண்ணியிடம் ஏச்சு வாங்கியது நான்தான். "இதற்காகவா இவ்வளவு செலவழித்துப் படிப்பித்தோம்?" என்றார். அவரிடம் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். அது நல்ல தொழில், அவன் செய்யட்டும். ஆனால் இன்று கொழும்பில் அந்த வேலை நடக்கும் விதத்தில் செய்யக் கூடாது.

சந்தேகத்துக்கிடமான மரணம் என்றால் பொலிஸார் வருகிறார்கள். தடயவியல் பிரிவினர் படம் பிடித்து மாதிரிகளை எடுக்கிறார்கள். நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்க்கிறார். சடலம் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகிறது. அத்தோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. தரையில் உறைந்ததும் மெத்தையில் ஊறியதும் வீட்டுக்காரர் பாடு. அமெரிக்காவிலும் பொலிஸார் கழுவிக் கொடுப்பதில்லை. ஆனால் அங்கே கூப்பிடுவதற்கென்று நிறுவனங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் அவை மாநில சுகாதாரத் திணைக்களத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தனியாக இறக்கும் முதியவர்கள் பெருகிய ஜப்பானில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நமக்கோ, காவலாளிக்குத் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர், ஒரு வாளி, ஒரு போத்தல் டெட்டோல்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி முகாமைக் குழுவில் இருப்பவன் என்பதால் கொலையைவிட இந்தத் தனிமைச் சாவுதான் எனக்கு நெருக்கமான விஷயம். பிள்ளைகள் டொரன்டோவில், லண்டனில். தாயோ தகப்பனோ இங்கே இரண்டு அறை வீட்டில் தனியாக. வீடியோ அழைப்புக்குப் பதில் இல்லை என்று பிள்ளை பதறி அயலவருக்கு எடுக்கும்போது, கொழும்பு வெக்கையில் இரண்டு நாள் போயிருந்தாலே போதும். எங்கள் கட்டடத்திலும் அப்படி ஒன்று நடந்தது. எவ்வளவு கேட்டாலும் அனுப்ப மகள் தயாராக இருந்தார். வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்து தரத்தான் ஆள் இல்லை. கடைசியில் படிக்கட்டுக் கூட்டும் அம்மா, சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவரை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்த நிறுவனம் ஒரு சோடி கையுறைகூடக் கொடுத்திருக்கவில்லை.

கையுறை இல்லாமல் போவதன் ஆபத்து பலருக்குத் தெரியாது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கும். இலங்கையில் 2003இல்தான் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் அதற்கான ஊசி சேர்ந்தது. பெறாமகன் அதற்குப் பிறகு பிறந்தவன். அந்த அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவர்.

கழுவுவதிலும் நம் கைவழக்கம் பெரும்பாலும் தலைகீழ். இரத்தத்தின் மேல் சுடுதண்ணீர் ஊற்றினால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். நேரே பிளீச் ஊற்றினால் அதன் வீரியத்தை இரத்தமே தின்றுவிடும். முதலில் உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் பிளீச் கரைசல். அதையும் உடனே துடைத்துவிடாமல் சில நிமிடங்கள் ஊறவிட வேண்டும். வாசனை போகவில்லையே என்று அதன் மேல் ஹார்பிக்கையும் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாளரம் இல்லாத குளியலறையில் ஆளையே விழுத்திவிடும். மெத்தையைக் கழுவிப் பயனில்லை, ஊறிய பலகையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கழிவு வைத்தியசாலைக் கழிவைப் போல மஞ்சள் பையில் போக வேண்டியது. மாநகர சபை லொறிக்கு அதைக் கொடுத்தால் அங்கே கையால் அள்ளுபவரும் ஒரு மனிதர்தான்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தைக் கடற்படை செப்பனிட்டுக் கொடுத்தது, ஜூன் மாதமே மீண்டும் திறந்தார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. ஒழுங்கைக்குள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு எந்தப் படையும் வராது.

அண்ணியின் கோபத்துக்கு வருகிறேன். சாவைத் தொடும் வேலைகளைப் பிறப்பு பார்த்துப் பங்கிட்ட சமூகம் நம்முடையது. துடக்குக் கழிக்க ஐயர் வருவார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் குறைவின்றி நடக்கும். அந்த அறையைக் கழுவியவருக்குத் தேத்தண்ணீர் மட்டும் பின்வாசலில், தனிக் கோப்பையில். அது "அவர்களுடைய" வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. இதே பையன் கனடாவில் இதே வேலையைச் செய்தால், "மகன் சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி நடத்துகிறான்" என்று அண்ணியே கலியாணத் தரகரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். கோபிக்க வேண்டாம் அண்ணி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பையனுக்கும் சில வார்த்தைகள். யூடியூபில் பார்த்த பரபரப்புக்காக வருவதானால் வராதே. பொலிஸார் எழுத்தில் விடுவிக்காத இடத்தில் துடைப்பத்தை வைக்காதே. சாட்சியத்தை அழிப்பது குற்றம். அறையில் கிடைக்கும் சங்கிலி, வங்கிப் புத்தகம், பழைய கடிதம் எல்லாவற்றையும் உறவினர் ஒருவர் முன்னால் பட்டியல் போட்டு ஒப்படை. உள்ளே கைத்தொலைபேசியை வெளியில் எடுக்காதே. இந்த ஊரில் பிரேத அறைக்குச் சடலம் போய்ச் சேருமுன் அதன் படம் வட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இதை மட்டும் நம்பி வயிறு நிறையாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வீடுகளுக்குள் வந்ததைப் போன்ற வெள்ளச் சேற்றையும் கழுவத் தயாராக இரு.

ஆட்களை வைத்தால் தடுப்பூசியும் முகக்கவசமும் உன் செலவு. அவர்கள் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உன் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். முதல் மாதத்திலிருந்தே கட்டு. அது முடியாதென்றால் அம்மா சொல்வதைக் கேட்டு வங்கி வேலைக்கு விண்ணப்பம் போடு.