ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கமா?

நேற்று ஐசோடோப்பு பற்றிய ஒரு பதிவின் கீழே நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "கார்பன்-12ம் ஐசோடோப்புதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். "முதலில் பாடத்தைப் படிம்மா, ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம்" என்று ஒருவர் அதட்ட, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவள் கேட்டது சரி. அணுக்கருவில் 6 புரோட்டான் இருந்தால் அது கார்பன், 7 என்றால் நைட்ரஜன். பெயரை முடிவு செய்வது புரோட்டான் மட்டும்தான். நியூட்ரான் கூடலாம், குறையலாம். கார்பனில் 6 நியூட்ரான் இருந்தால், புரோட்டானையும் கூட்டி, கார்பன்-12; 7 இருந்தால் 13, 8 இருந்தால் 14. மூன்றுமே ஐசோடோப்புகள், அதாவது புரோட்டான் ஒரே எண்ணிக்கையிலும் நியூட்ரான் வேறு வேறாகவும் உள்ள அணுக்கள். இவற்றில் கதிரியக்கம், அதாவது அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர் வீசுவது, 14க்கு மட்டும். அதில் பாதி சிதையவே சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். மற்ற இரண்டும் சிதைவதே இல்லை. வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் மட்டும் 10 இருக்கின்றன. 1913-ல் வேதியியலாளர் பிரெடெரிக் சாடி இந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோதும் தனிம அட்டவணையில் 'ஒரே இடம்' என்றுதான் பொருள். தமிழில் ஓரிடத்தான் என்கிறோமே, அதேதான். இதில் கதிரியக்கம் எங்கே வந்தது?

"கண்டறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை கதிரியக்கம் உள்ளவைதானே" என்பீர்கள். சரி, நிலையானவை சுமார் 250தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் தொடுகிற பொருளெல்லாம் ஏறக்குறைய முழுக்க அந்த 250க்குள்தான் அடங்கும்.

"அயனியும் அதே மாதிரிதான்" என்று இன்னொருவர். இல்லைங்க. அயனியில் அணுக்கரு அப்படியே இருக்கும், எலக்ட்ரான்தான் போகும், வரும். சோடியத்தின் 11 எலக்ட்ரானில் ஒன்று போனால் அது சோடியம் அயனி. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். அதன் அயனியோ இந்த நொடியும் உங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளியில் ஆசிரியர் குளோரின் அணு நிறை 35.5 என்று எழுதிப் போட்டபோது, "அரை நியூட்ரான் எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "உட்கார், மனப்பாடம் பண்ணு" என்றார். காது சூடாகி உட்கார்ந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. பதில் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான்கு குளோரின் அணுவை எடுத்தால் ஏறத்தாழ மூன்று 35, ஒன்று 37. கூட்டினால் 142, நான்கால் வகுத்தால் 35.5. அவ்வளவுதான்! அரை நியூட்ரான் எங்கேயும் இல்லை, அது வெறும் சராசரி. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

"பொதுவெளியில் எழுதினால் நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள்" என்று வராதீர்கள். அங்கே யாரும் திருத்தவில்லை. தப்பாகச் சொன்னவர்கள் சரியாகச் சொன்னவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்று காலையில் போய்ப் பார்த்தேன், கேள்வியை அழித்துவிட்டாள். இது அவள் கண்ணில் படுமா, தெரியவில்லை. ஆமாம்மா, கார்பன்-12ம் ஐசோடோப்புதான்.