நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால் புற்றுநோய் வருமா?

"சிகரெட்டை நிறுத்துவதற்காக மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கமும் புற்றுநோய் தரும், இரண்டும் ஒன்றுதான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், நாடித்துடிப்பைக் கூட்டும், அது உண்மை. ஆனால் சிகரெட்டில் புற்றுநோயை வரவழைப்பது, புகையிலை எரியும்போது கிளம்பும் தாரும் பிற நச்சுகளும். அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. சூயிங்கத்தில் புகையும் இல்லை, புகையிலையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"மென்று பார்த்தேன், பலனில்லை" என்பவர்கள் பெரும்பாலும் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றிருப்பார்கள். அப்படிச் செய்தால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். சுமார் அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. (நம் ஊரில் இதுதான் கஷ்டம்!)

அப்புறம், உதட்டில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்களை இதோடு சேர்க்காதீர்கள். எரியாவிட்டாலும் அவை புகையிலைதான், வாய்ப்புற்றுநோய் தருபவை. சூயிங்கத்திலும் 4 மி.கி. நிக்கோட்டின் உள்ளது வேண்டுமென்றால் இந்தியாவில் டாக்டர் சீட்டு தேவை; கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் எந்த அளவானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.