ஒட்டகச்சிவிங்கியில் இருக்கும் சிவிங்கி

ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லும்போது முன்பாதி எல்லோருக்கும் புரிகிறது. பின்பாதியை யாரும் கேட்பதே இல்லை. நானும் வெகுநாள் அது நீண்ட கழுத்துக்கு ஏதோ பழைய சொல் என்றுதான் நினைத்திருந்தேன்.

சிவிங்கி ஒரு விலங்கு. ஒல்லியான உடம்பு, நீளக் கால், கண்ணோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடு. சீட்டா என்கிறோமே, அதுதான்.

சரி, அது ஏன் ஒட்டகத்தோடு ஒட்டிக்கொண்டது? பழைய கிரேக்கர்கள் இந்த விலங்கின் உருவத்தில் ஒட்டகத்தையும் தோலில் சிறுத்தையையும் கண்டு, இரண்டு பெயரையும் சேர்த்து ‘கமேலோபார்டாலிஸ்’ என்றார்கள். கி.மு. 46இல் சீசர் ரோமுக்குக் கொண்டுவந்து காட்டியபோதும் அதுதான் பெயர். 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் அது நிலைத்துவிட்டது. நம் தமிழ்ப் பெயரும் அதே அச்சில் வார்த்தது, சிறுத்தையின் இடத்தில் சிவிங்கி. ஜிராஃப் என்பது ‘ஸராஃபா’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது கிழக்கே நடந்த கதை. 1414இல் வங்காள சுல்தான் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று சீனப் பேரரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள், தங்கள் புராணத்தில் வரும் மங்கல விலங்கே நேரில் வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அந்தப் புராண விலங்கின் பெயர்தான் ஜப்பானிய மொழியில் இன்றும் ஒட்டகச்சிவிங்கிக்குப் பெயர்: ‘கிரின்’.

நம் கதைக்கு வருகிறேன். கூட்டுப் பெயருக்குள் பத்திரமாக இருக்கும் சிவிங்கியை, தனியாக வரும்போது மட்டும் கைவிட்டுவிட்டோம். இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. அப்போது நான் படித்த பல தமிழ்ச் செய்திகளில் ‘சிறுத்தைகள் வந்தன’ என்றே இருந்தது. குனோ காட்டில் சிறுத்தைகள் ஏற்கெனவே இருக்கின்றன! எழுபது ஆண்டுகள் இல்லாமல் போன ஒன்று திரும்பி வந்ததுதான் செய்தி. ஒரே ஒரு சொல் மாறியதில் அந்தச் செய்தியே காணாமல் போய்விட்டது. இது எனக்கு உண்மையிலேயே வலித்தது. சிலர் சிவிங்கிப்புலி என்று எழுதினார்கள், அவர்களுக்கு என் நன்றி.

அடுத்த முறை படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுபவர்கள் தோலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புள்ளிகள் பூப்போல வளையம் வளையமாக இருந்தால் சிறுத்தை. நிறைந்த கறுப்புப் பொட்டாக இருந்தால் சிவிங்கி.