இரண்டு விரல் வைத்தியம்

தலையில் அடிபட்ட பிள்ளையின் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டுவிட்டால் மருத்துவம் முடிந்தது என்று நம்பும் ரக்பி பயிற்சியாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடந்த சனிக்கிழமை அக்காவின் மகன், எதிரணிப் பையன் ஒருவனை மடக்கிப் பிடிக்கப் பாய்ந்தபோது, அவனுடைய முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. தட்டுத்தடுமாறி எழுந்தவன் நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், பயிற்சியாளரும் சிரித்தார். பிறகு ஆற அமர வந்து, தீமிதிக்கு நிற்பவனுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது போல ஈரப் பஞ்சை அவன் தலையில் பிழிந்து, பெயரைக் கேட்டு, விரலைக் காட்டி, முதுகில் தட்டி, "போ, ஆடு" என்றார். மூளை குலுங்கியவனுக்கும் தன் பெயர் பெரும்பாலும் மறப்பதில்லை. சற்றுமுன் நடந்ததுதான் நழுவிப்போகும். அதனால்தான் அடிபட்ட வீரர்களைச் சோதிக்கும் மேடக்ஸ் கேள்விகள் எந்த மைதானம், கடைசிப் புள்ளி யாருடையது, போன ஆட்டம் யாருடன் என்று விசாரிக்கின்றன. கோட்டோரம் ஓடிப்போய் நானே கேட்டேன். "போன வாரம் ஆடினோமா, மாமா?" என்றான். "அவன் எப்போதுமே இப்படித்தான்" என்றார் பயிற்சியாளர்.

மயங்கி விழவில்லையே என்று அடுத்த வாதம். கன்கஷன், அதாவது இந்த மூளைக் குலுக்கம், ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைக்கவசம் போட்டிருந்தானே என்றார். அந்த மெத்தென்ற தொப்பி காது கிழியாமல் காக்குமே தவிர, மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தொலைக்காட்சியில் நம் தேசிய அணியான ஸ்பிரிங்பாக் வீரர்கள் வெளியே போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வருகிறார்களே என்றும் கேட்டார். அங்கே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் காணொளியைத் திருப்பிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். பள்ளி மைதானத்திலோ சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும், அன்று மறுபடி இறக்கவே கூடாது. 2009 முதல் பொக்ஸ்மார்ட் என்ற ரக்பி பாதுகாப்புத் திட்டம் நாடு முழுவதும் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் சொல்லித் தருவது இதைத்தானே? வகுப்பில் இவர் எந்த மூலையில் அமர்ந்து தூங்கினாரோ!

செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் பயிற்சியாளரின் செய்தி வந்தது: "சிடி ஸ்கேன் சுத்தம் என்று கேள்விப்பட்டேன், சனிக்கிழமை அரையிறுதிக்கு அனுப்புங்கள்." ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் அந்த ஸ்கேன் கன்கஷனைக் காட்டாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், மோதலில்லாத பயிற்சி என்று படிப்படியாக, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம் விட்டுத்தான் ஏற வேண்டும். மோதல் பயிற்சிக்கு முன் மருத்துவர் ஒப்புதல் வேண்டும். ஆறாத மூளையில் இன்னோர் அடி விழுந்து, அது வீங்கி, வளரும் பிள்ளைகள் இறந்ததும் உண்டு. அரிதுதான், ஆனால் எந்த அரையிறுதிக்காக அந்தச் சூதை ஆடுவது? இதே பயிற்சியாளர் தொடைத்தசை பிடித்த இன்னொரு பையனை வாரக்கணக்கில் பெஞ்சில் உட்காரவைத்து, "தசையோடு விளையாடக் கூடாது" என்று ஐஸ் கட்டி ஒற்றுகிறார். தொடைக்கு இருக்கும் மரியாதை தலைக்கு இல்லை.

இத்தனையும் எழுதி, அவன் வரமாட்டான் என்று முடித்தேன். உடனே பதில் வந்தது: "சரி, ஆட வேண்டாம். வந்து புள்ளிக் கணக்காவது எழுதட்டும்." அக்கா அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள், இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.